வீட்டை எடுத்த உத்தரவு யாருடையது

யுத்தக் காலத்தில் கொட்டாஞ்சேனையில் இருந்த எங்கள் வீட்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. துறைமுகத்துக்குக் கிட்ட இருந்ததால் பட்டாளத்துச் சாமான்களை வைக்க வேண்டுமாம். கதவில் ஆங்கிலத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கொஞ்சம் படித்தவள் என்று வீட்டில் இருந்தது நான்தான். வாசித்துச் சொன்னேன். ஒரு கிழமைக்குள் வெளியேற வேண்டும். எங்கே போவது என்று அந்தத் தாளில் எதுவும் இல்லை.

வீடு எங்களுக்குச் சொந்தமில்லை, வாடகை வீடு. வீட்டுக்காரர் ஹெந்தளையில் இருந்தார். முன்னறை அப்பாவின் தையல் கடை. துறைமுகக் கந்தோர்க் கிளாக்கர்மாரும் கலியாண மாப்பிள்ளைகளும் கோட்டுத் தைக்க அங்கேதான் வருவார்கள். கப்பலை விட்டு இறங்கிய மாலுமிகள்கூடக் கிழிந்ததைக் கொண்டுவருவார்கள். பின்னால் இரண்டு அறையில் நாங்கள் குடியிருந்தோம். வீடு போனால் தொழிலும் போகும். கொட்டாஞ்சேனைக்கு வெளியே அப்பாவை ஒரு தையற்காரனாக யாருக்கும் தெரியாது.

அப்பா பயப்படவில்லை. அதுதான் எனக்கு இப்போதும் எரிகிறது.

"மெம்பரிட்டப் போவம். அவர் பாப்பார்" என்றார்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். யுத்தத்துக்கு முன் நடந்த அரசாங்க சபைத் தேர்தலில் வோட்டுப் போடுகிறவர் எழுதப் படிக்கத் தெரிந்திருக்கத் தேவையில்லை. நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். அந்த நிறத்தில் ஒரு பெட்டி. கொடுக்கிற தாளை, தனக்குப் பிடித்த ஆளின் பெட்டியில் போட வேண்டியதுதான். எங்கள் மெம்பருக்குப் பச்சை. அப்பா அவருக்கு வோட்டும் போட்டார், பச்சைத் துணியில் கொடிகளும் சும்மா தைத்துக் கொடுத்தார். அந்தக் கிழமை முழுக்க ஒரு கோட்டும் முடியவில்லை. வந்தவர்களெல்லாம் திட்டிவிட்டுப் போனார்கள்.

அப்பாவின் கணக்கில் அது கோட்டுக்கு அளவு கொடுத்த மாதிரி. அளவு எடுத்துத் துணியையும் வாங்கி வைத்துக்கொண்ட தையற்காரன் கோட்டைத் தைத்துத்தானே கொடுக்க வேண்டும்? பெட்டியில் தாள் விழுந்தது மெம்பருக்குத் தெரியும், அதைப் போட்டது யார் என்றும் அவருக்குத் தெரியும் என்று அப்பா உண்மையாகவே நம்பினார். அவர் மட்டுமில்லை. எங்கள் ஒழுங்கையில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள்.

போகிற அன்று மிஞ்சிக் கிடந்த பச்சைத் துணியை எடுத்து மடித்துச் சால்வையாகத் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. தேருக்கு முன்னால விடலாம்" என்றாள்.

"நீ சும்மா இரு. அடையாளம் தெரியவேணுமெல்லே?"

"உங்களை அவர் மறக்கேலுமே? சும்மா கொடி தைச்ச ஒரே ஆளெல்லே நீங்கள்."

மெம்பரின் வீடு கறுவாத்தோட்டத்தில். விறாந்தையில் எங்களுக்கு முன்னமே நிறையப் பேர் இருந்தார்கள். இன்னும் இரண்டு பேர் பச்சைத் துணியோடு வந்திருந்தார்கள். அப்பாவுக்கு அதைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் சுருங்கியது. மெம்பர் வெளியே வந்தார். நல்ல மனிதர்தான், கதிரையில் இருக்கச் சொன்னார். நான் தாளை நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு என்னோடு ஆங்கிலத்தில் கதைத்தார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"தன்ர கையில இல்லையாம்."

"பிறகு எவற்ர கையில?"

நான் கேட்டேன். மெம்பர் சிரித்துக்கொண்டு கனநேரம் விளங்கப்படுத்தினார். அரசாங்க சபைக்கு மக்கள் ஆட்களைத் தெரிவு செய்கிறார்கள். அந்த ஆட்கள் ஏழு குழுவாகப் பிரிகிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மந்திரி. படிப்பு, சுகாதாரம், விவசாயம் என்று ஏழும் இவர்கள் கையில். ஆனால் நாட்டின் பாதுகாப்பு, சட்டம், திறைசேரி என்ற மூன்றும் மூன்று வெள்ளைக்கார உத்தியோகத்தர் கையில். அவர்களை யாரும் தெரிவு செய்வதில்லை. சபையில் வந்து இருப்பார்கள், பேசுவார்கள், வோட்டு மட்டும் போட மாட்டார்கள். அவர்களுக்கு மேலே தேசாதிபதி. சபை வேண்டாம் என்றாலும் அவர் ஒரு சட்டத்தைக் கொண்டுவரலாம், சபை வேண்டுமென்றாலும் நிறுத்தலாம். எங்கள் வீட்டை எடுத்தது பாதுகாப்பு. ஆகவே மெம்பர் ஒன்றும் செய்ய முடியாது. வேண்டுமானால் சபையில் ஒரு கேள்வி கேட்கலாம்.

சமையலறையை எங்களிடம் விட்டுவிட்டு வெள்ளைக்காரர் வீட்டுத் திறப்புக் கொத்தைத் தங்கள் இடுப்பில் செருகிக்கொண்ட ஏற்பாடு அது. எல்லாருக்கும் வோட்டு என்று உலகத்துக்குக் காட்டிய பெருமையெல்லாம் அந்தச் சமையலறைக்குள்தான்.

அப்பா எழும்பும்போது, "கொடி தைச்சது நான் எண்டு சொல்லு" என்றார்.

சொன்னேன். மெம்பர் அப்பாவின் தோளில் தட்டி, தமிழில், "ரொம்ப நல்ல கொடி" என்றார்.

அப்பா விடவில்லை. அடுத்த நாள், உத்தரவை அனுப்பிய, கோட்டையில் இருந்த கந்தோருக்குப் போனோம். அங்கே மேசையில் இருந்தவர் யாழ்ப்பாணத்து ஆள். எங்கள் பேச்சைக் கேட்டதும் முதலில், "எந்த ஊர் நீங்கள்?" என்று அப்பாவை விசாரித்தார். அப்பா ஊரைச் சொன்னதும் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, உங்களுக்கு உதவி செய்ய எனக்கும் ஆசைதான். ஓடர் போட்டாச்சு. நான் ஓடர் போடுற ஆளில்லை, ஓடரைக் கொண்டு திரியிற ஆள்."

"போட்ட துரையோட கதைக்கேலாதோ?" என்றேன் நான்.

"தங்கச்சி, அவரும் தான் போடேல்லை எண்டுதான் சொல்லுவார். விதி சொல்லுது, அவர் போடுறார்."

"அந்த விதியைப் போட்டது ஆர்?"

அவர் விரலால் முகட்டைக் காட்டினார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கடைசியாக, நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடை. அங்கே வழக்குப் பார்க்கிற ஒரு புரொக்டரைப் பிடித்தோம். அப்பாவிடம் கோட்டுத் தைத்தவர், அதனால் காசு கேட்கவில்லை. அவர் சுற்றி வளைக்கவும் இல்லை.

"வழக்குப் போடலாம். நீதவான் இந்த ஓடரில சரியான ஆள் கையெழுத்து வைச்சிருக்கிறாரோ எண்டு பாப்பார். வைச்சிருந்தா முடிஞ்சுது."

"எங்களை றோட்டில விடுறது நியாயமோ எண்டு கேக்க மாட்டாரோ?" என்றார் அப்பா.

"அது அவற்ர வேலையில்லை. சட்டம் பண்ணுறது ஒரு இடம். நடத்துறது ஒரு இடம். சட்டப்படி நடந்ததோ எண்டு பாக்கிறது ஒரு இடம். யுத்த விதியள் வந்தாப் பிறகு இந்த மூண்டாவது இடத்துக்குப் பெரிசா வேலையில்லை."

"அப்ப நியாயம் பாக்கிற இடம் எது?"

புரொக்டர் கொழுவியிருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த வழக்குக்குக் கோட்டுக்குப் போய்விட்டார்.

அதிகாரத்தைப் பிரித்து வைத்தால் ஒருவன் அநியாயம் செய்தால் மற்றவன் தடுப்பான் என்று பிறகு படித்தேன். நான் கண்டது வேறு. ஒருவன் அநியாயம் செய்தால் மற்ற இரண்டு பேருக்கும் அது தன் வேலையில்லை என்று சொல்ல வசதியாக இருந்தது. ஒருவனும் எங்களிடம் பொய் சொல்லவில்லை. ஒருவனும் எங்களை ஏசவுமில்லை. எல்லாரும் மரியாதையாகவே எங்களை வெளியே அனுப்பினார்கள்.

வெள்ளவத்தையில் அம்மாவின் சொந்தக்காரர் வீட்டுப் பின்னறைக்குப் போனோம். மெசின் வந்தது, வெட்டுகிற மேசை வரவில்லை. அந்த அறைக் கதவால் அது நுழையாது. அப்பா நிலத்தில் பாயை விரித்து முழங்காலில் நின்று துணி வெட்டினார். வெள்ளவத்தையில் தையற்காரர் ஏற்கெனவே போதும் போதும் என்று இருந்தார்கள். கொட்டாஞ்சேனை ஆட்கள் இரண்டு மூன்று பேர் பஸ் ஏறி வந்தார்கள், பிறகு நின்றுவிட்டார்கள். அப்பா ஒரு கொந்தராத்துக்காரரிடம் பட்டாளத்துக் காற்சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கப் போனார். கோட்டு வெட்டிய மனிதர். அம்மா அதற்குப் பிறகு பகிடி விடுவதை நிறுத்திவிட்டாள்.

மெம்பர் சபையில் கேள்வி கேட்டாரோ தெரியாது. தேர்தலையும் யுத்தம் என்று சொல்லித் தள்ளிப்போட்டதால் அவரிடம் கணக்குக் கேட்கவும் வழியில்லை.

யுத்தம் முடிகிற காலத்தில் சீமையிலிருந்து ஆட்கள் வந்து புதிய அரசியல் அமைப்பைப் பற்றி எல்லாரையும் விசாரித்தார்கள். எல்லாரும் என்றால் கோட்டுப் போட்டவர்களை. இனிமேல் இரண்டு சபையுள்ள பாராளுமன்றம் வரும், மந்திரிமாரெல்லாம் எங்கள் ஆட்கள், மூன்று வெள்ளைக்காரரும் போய்விடுவார்கள் என்று வெள்ளவத்தைச் சந்தியில் பேப்பரை விரித்து வைத்து ஆளாளுக்குக் கதைத்தார்கள். அப்பாவும் நின்று கேட்பார். ஒரு நாள் வந்து என்னிடம், "இனி வீட்டைத் திருப்பிக் கேக்கலாம்தானே?" என்றார்.

கேட்கத் தேவையே இருக்கவில்லை. வீட்டை ஏற்கெனவே திருப்பிக் கொடுத்திருந்தார்கள், வீட்டுக்காரருக்கு. எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இருவரும் ஹெந்தளைக்குப் போனோம். அவர் எங்களுக்குத் தேத்தண்ணீர் தந்தார். யுத்தம் முடியும் வரைக்கும் அரசாங்கம் அவருக்கு வாடகை கட்டியதும் அங்கேதான் தெரிந்தது. இப்போது வெங்காய வியாபாரி ஒருவர் அதைக் களஞ்சியமாக எடுத்திருக்கிறார்.

"நான் உங்களை எழுப்பேல்லை மாஸ்டர். கவுண்மேந்து எழுப்பினது. திருப்பித் தரேக்க எனக்குத்தானே தரவேணும்? சட்டம் அப்பிடித்தானே?"

அப்பா தேத்தண்ணீரைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார்.

"ஓம், சரிதான்" என்றார்.

தேசாதிபதி சொன்னதும் சரி, துரை சொன்னதும் சரி, நீதவான் சொல்லியிருக்கக்கூடியதும் சரி, இந்த வீட்டுக்காரன் சொன்னதும் சரி. எல்லாம் சரியாக நடந்து அப்பா நிலத்தில் முழங்காலில் நிற்கிறார். புறக்கோட்டையில் இறங்கி வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறினோம். அப்பா சொன்ன அந்த "சரிதான்" எனக்கு எரிந்தது, அவருக்குப் பக்கத்தில் இடமிருந்தும் நான் முன்னால் போய்த் தனியாக இருந்தேன்.