இரண்டு தட்டு

பேருந்தின் தகரத்தில் விழும் இரண்டு தட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. எழுபதுகளில் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு ஓடிய ஒரு தனியார் பேருந்துக்கு நான் டிரைவர். ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். விசில் இருந்தும் எங்கள் கண்டக்டர் கையால்தான் தட்டுவார். பின்னால் நடப்பதை நான் பார்த்ததைவிடக் கேட்டதே அதிகம்.

ஒரு வருஷத்தில் அந்தத் தட்டு தேய்ந்துபோனது. அவருடைய வலது கை விரல்கள் மரத்துப்போய், டிக்கெட்டைக் கிழித்தால் இரண்டு சேர்ந்து வந்தன. தூக்கத்தில் எழுந்து கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். வாதம் என்று ஊரில் உள்ள எண்ணெயையெல்லாம் தேய்த்துப் பார்த்தார். கை போனால் வேலையும் போச்சு. கடைசியில் பெரியாஸ்பத்திரியில், மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறது என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. டிபன் பாக்ஸை நானே திறந்து கொடுத்தேன். அவர் தட்டக் காத்திராமல் கண்ணாடியைப் பார்த்தே வண்டியை எடுத்தேன். "டாக்டரு கைக்கு வேலை குடுக்க சொன்னாரு. நீ இன்னா அண்ணாத்த, லீவு குடுத்துகினு கீற?" என்பார். சிரித்து மழுப்பிவிடுவேன்.

ஒரு நாள் திருக்கழுக்குன்றத்தில், எல்லோரும் ஏறியாயிற்று என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன். பூக்கூடையோடு ஓர் அம்மாவுக்கு ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். தகரம் அதிர ஒரே ஓர் அடி விழுந்தது. பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினேன். கண்டக்டரின் இடது கைப்பிடிக்குள் பத்திரமாக நின்று அந்த அம்மா என்னைத் திட்டித் தீர்த்தார். கண்டக்டரோ, அடித்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலை மடக்கினார், நீட்டினார்.

"சுருக்குனு வலிக்குது அண்ணாத்த! மரத்துப் போவல, கை உசுரோட கீது!" என்றார். பிறகு முகம் மாறியது. "இனிமே நான் தட்டாம வண்டிய எடுக்காத."

வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளிலிருந்து அவர் தட்டாமல் நான் கியரைத் தொட்டதில்லை. அவரும் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு, விடிய விடியத் தூங்கி, ஓய்வு பெறும்வரை டிக்கெட் கிழித்தார்.

இப்போது என் கை மரத்துப்போகிறது. என் சட்டைக்கு மகள்தான் பொத்தான் போட்டுவிடுகிறாள். நானும் சுகமாக நின்றுகொள்கிறேன். நேற்று டாக்டர், "ஆபரேஷன் பண்ணிடலாமா, பெரியவரே?" என்று கேட்டார். எனக்காக மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மரத்த கையாலேயே அவர் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.