கிங்ஸ்டன் அடைக்காமல் விட்ட ஓட்டை

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் நான் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கிங்ஸ்டன் என் மாடியில் குடியிருப்பவன். கல்லூரியில் ஒருவன் பல்லைத் தட்டிவிட்டுப் படிப்பைப் பாதியில் விட்டவன், கரண்ட் போனால் கதவை உதைப்பவன். நானும் லேசுப்பட்டவன் இல்லை என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அவனை அடக்கி உட்காரவைத்தது ஒரே ஒரு வேலைதான். கம்ப்யூட்டரில் படமோ எழுத்தோ, எதுவானாலும் அதை வரைந்து கொடுக்க ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் மென்பொருளுக்குள் வைத்துக்கொள்ளலாம். கிங்ஸ்டனைப் போல அதைப் பழுது பார்ப்பவர்களுக்குப் பெரிய கம்பெனிகள் சம்பளம் கொடுத்து வந்தன. பிறகு ஒவ்வொன்றாகப் புதுசைத் தேடிப் போய்விட்டன. போன வருடம் கிங்ஸ்டனின் கம்பெனியும் ஒரு மின்னஞ்சலில் அவனைக் கழற்றிவிட்டது. அன்று அவன் தரையை மிதித்த மிதியில் என் கடைக்குள் காரை உதிர்ந்தது. சம்பளம் இல்லாவிட்டாலும் தொகுப்பு அவன் கையில்தான் இருந்தது. வேறு ஆள் இல்லை.

பிறகு ஒரு நாள் சிரித்துக்கொண்டே கடைக்கு வந்தான்.

“அண்ணாச்சி, தொகுப்புல ஒரு ஓட்டை கிடக்கு. படம் ரொம்பப் பெருசா இருந்தா, அச்சுக்கு மாத்தும்போது மேல் பக்கத்த வெள்ளையா விட்டுரும். சரிபண்ணி என்கிட்டயே வச்சிருக்கேன், வெளியிட மாட்டேன். கம்பெனிக்காரனுவ தொழில் நாறட்டும். வந்து கால்ல விழட்டும்.”

“அப்படிப் போடுலே,” என்றேன். அவனுக்கு நடந்தது எனக்கும் அநியாயமாகத்தான் பட்டது. நான் எந்த மென்பொருளில் பேனர் செய்கிறேன் என்று அவன் கேட்கவில்லை. அதற்குள்ளும் அதே தொகுப்பு இருப்பது எனக்குத் தெரியாது.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் செந்தூர்பாண்டி என்ற பையனைப் பக்கத்து ஊர்க்காரர்கள் வெட்டிக் கொன்று ஒரு வருடம் ஆகியிருந்தது. நினைவஞ்சலிக்கு அவன் வேப்பமர உயரத்துக்கு நிற்கிற மாதிரி பேனர் கேட்டார்கள். நான் அடித்ததிலேயே பெரியது அதுதான். திரையில் சரியாகத்தான் தெரிந்தது. செத்தவன் முகத்தைக் கடைத்தெருவில் விரித்துப் பார்க்க வேண்டாம் என்று அவன் அம்மா உலகம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் இயந்திரத்திலிருந்து இறங்கிய சுருளை அப்படியே கட்டிக் கொடுத்தேன்.

ஊரில் தூக்கிக் கட்டியபோது வேட்டி இருந்தது, சட்டை இருந்தது. கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. அவனைக் கழுத்தில்தான் வெட்டியிருந்தார்கள்.

மதியத்துக்குள் என் கடை தூள் தூளாகக் கிடந்தது. செந்தூர்பாண்டியின் தம்பி இரும்புக் குழாயோடு வந்திருந்தான். “வெட்டுன ஊர்க்காரனுவ சொல்லித்தானல இப்படி அடிச்ச?” என்று என் வலது கையில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. “பொழுது சாயட்டும். அந்த ஊர்ல ஒருத்தன் தலையும் மிஞ்சாது,” என்று சொல்லிவிட்டு, பேனரை என் மேல் வீசிப் போனான்.

இறங்கி வந்த கிங்ஸ்டன் பேனரைப் பார்த்து வெளிறிப்போனான். ஓட்டையைப் பற்றி அவன் சொல்லி முடிக்கும் முன்பே இடது கையால் ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. செல்போனை நீட்டினான். ‘ஓட்டை இருக்கு, வேணும்னா வந்து கேளுங்க’ என்று அவன் எழுதியதற்குக் கம்பெனி போட்ட பதில் அதில் இருந்தது: அந்தத் தொகுப்பை நாங்கள் விட்டு வெகுநாள் ஆகிறது, எங்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. இன்னும் அதை நம்பிப் பிழைத்தவர்கள் என்னைப் போன்றவர்கள்தான்.

“அங்க போய் உண்மையச் சொல்லணும் அண்ணாச்சி. இல்லன்னா இன்னைக்குக் கொலை விழும்.”

“உன்னயத்தான் முதல்ல வெட்டுவானுவ.”

“வெட்டட்டும்.”

கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு நானும் ஆட்டோவில் ஏறினேன்.

உலகம்மாள் வீட்டு முற்றத்தில் ஒரு சாக்கின் மேல் அரிவாள்கள் கிடந்தன. கிங்ஸ்டன் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவன் முகத்தில் இரண்டு குத்து விழுந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு மடிக்கணினியைத் திறந்தான். செந்தூர்பாண்டியின் படத்தைப் பெரிதாக்கி அச்சுக்கு மாற்றினான். தலை போயிற்று. சிறிதாக்கி மாற்றினான். தலை வந்தது.

“இன்னொருக்கா காட்டு,” என்றான் தம்பி. காட்டினான். அண்ணன் தலை மறுபடியும் போனதைப் பார்த்ததும் மூடியை அடித்துச் சாத்தி அதன் மேல் ஏறி மிதித்தான். கிங்ஸ்டனின் விரல்கள் உள்ளே இருந்தன. அவன் கத்தவில்லை.

உலகம்மாள் மகனைப் பிடித்துத் தள்ளினாள். “எதுக்குய்யா இப்படிச் செஞ்ச?” என்று கிங்ஸ்டனைக் கேட்டாள்.

“என்னயத் தூக்கி எறிஞ்ச கம்பெனிக்காரனுக்கு வலிக்கணும்னு செஞ்சேம்மா.”

“அவனுக்கு வலிச்சுதா?”

“இல்லம்மா. அவனுக்கு ஒண்ணுமே ஆவல.”

அவள் சின்ன மகனிடம் திரும்பினாள். “உங்க அண்ணன் அந்த ஊர்ல ஒருத்தனயும் தொட்டதில்ல. முதல்ல அவனுவள அடிச்சது உங்க சித்தப்பன். அவன் திருப்பூர்ல சொகமா இருக்கான். கிடைச்சவன் எம் மவன். இப்ப நீ போனா வெட்டுனவனுவளா அங்க இருப்பானுவ? அவனுவ ஜெயில்ல இருக்கானுவ. எவன் கிடைப்பாம்லே உனக்கு?”

உலகம்மாள் போய் அந்த அரிவாள்களின் மேல் சாக்கை மடித்துப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவள் பக்கம் போகவில்லை.

“எம் மவன தலையோட அடிச்சுக் கொண்டாங்க,” என்றாள் எங்களிடம். “இந்தத் தடவ விரிச்சுப் பாத்துட்டுக் கட்டுங்க.”