அறிமுகக் கையெழுத்து

நான் அஞ்சாவதோடு நின்றவன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், கிளீனராக டயர் கழுவினேன், டிரைவர் ஆனேன், நாற்பது வயசுக்குள் சொந்த வண்டி வாங்கினேன். தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூரில் என் ஷெட்டில் நாலு டிரெய்லர் நின்றன. யார் தயவிலும் நான் மேலே வரவில்லை. இதை நான் சொல்லாத ஆள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கிடையாது. கல்யாண வீட்டில் சொல்வேன். சாவு வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

அதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாரிமுனையில் ஒரு பெரிய பேங்கில் எனக்குக் கணக்கு இருக்கிறது, நான் போனால் மேனேஜர் எழுந்து நிற்பார், காபி வரவழைப்பார் என்று. அது பொய். எந்த பேங்கிலும் எனக்குக் கணக்கு கிடையாது. கன்டெய்னர் கம்பெனிக்காரன் வாடகையைக் கையில் கொடுப்பான், இடுப்பு பெல்ட்டில் சொருகிக்கொண்டு வருவேன். மிஞ்சினால் சீட்டு, இல்லாவிட்டால் நகை. பேங்க் படியேறினால் ஃபாரம் கொடுத்து எழுதச் சொல்வார்களே என்று பயம். ஹார்பர் ரோட்டில் நாற்பதடி வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறவன், ஒரு காகிதத்துக்குப் பயந்தேன்.

அப்படியே ஓட்டியிருப்பேன். ஒரு நாள் கம்பெனி அக்கவுண்டன்ட் லாரி ஓனர்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: அடுத்த மாசத்திலிருந்து காசு கிடையாது, செக்தான், அதுவும் பேங்க் கணக்கில் போட்டு எடுக்கிற செக். மாசக் கடைசிக்குள் கணக்கு நம்பர் கொடுக்காதவன் வண்டிக்கு லோடு கிடையாது. எனக்கு வண்டிகள் மேல் கடன் இருந்தது. பத்து நாள் சும்மா நின்றால் ஃபைனான்ஸ்காரன் ஓட்டிக்கொண்டு போய்விடுவான்.

பக்கத்து பேங்குக்குப் போனேன். கவுன்டரில் சின்ன வயசுப் பிள்ளை ஒருத்தர். "கணக்கு ஆரம்பிக்க, இந்தக் கிளையில ஆறு மாசத்துக்கு மேல கணக்கு வச்சிருக்கிறவங்க ஒருத்தர் வந்து உங்களத் தெரியும்னு கையெழுத்துப் போடணும் சார்" என்றார்.

டயர்க் கடைக்காரருக்கு அங்கே கணக்கு இருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கும் இருந்தது. கூப்பிட்டால் ஓடி வருவார்கள். ஆனால் ரெண்டு பேரும் என் பாரிமுனைக் கதையைப் பத்து தடவை கேட்டவர்கள். அவர்களிடம் போய் எந்த முகத்தோடு நிற்பது? நாலு நாள் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கிளையில் கணக்கு உள்ள இன்னும் ஒரே ஒரு ஆள்தான் ஞாபகம் வந்தது. என் டிரைவரின் சம்சாரம்.

அந்த டிரைவர் என்னிடம் பன்னிரண்டு வருசம் ஓட்டினார். நான் பேங்க் படியேறினதற்கு ஒன்றரை வருசம் முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். டிரைவர் சங்கத்தில் அந்தம்மா பேருக்கு ஒரு செக் கொடுத்தார்கள். அதை மாற்ற அவருக்குக் கணக்கு வேண்டும், கணக்குக்கு அறிமுகக் கையெழுத்து வேண்டும். நேராக என் ஷெட்டுக்கு வந்தார். டீ நேரம், டிரைவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"மொதலாளி, ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா போதும். உங்களுக்குத்தான் பேங்க்ல எல்லாரையும் தெரியுமாமே."

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"ஏம்மா, என் கையெழுத்துன்னா சும்மாவா? கண்டவங்களுக்கும் போட்டுக் குடுக்க முடியுமா? போ, வேற யாரனா பாரு."

அப்போது வா, போ என்றுதான் பேசினேன். எழுதும்போதாவது மரியாதையாக எழுதுகிறேன். அந்தம்மா அதற்கப்புறமும் ரெண்டு மாசம் அடிக்கடி வந்து ஷெட் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். நான் வண்டிக்கு அடியில் வேலை இருக்கிற மாதிரி புகுந்துகொள்வேன். பிறகு வரவில்லை. யாரோ கையெழுத்துப் போட்டு அதே பக்கத்து பேங்கில் கணக்கு ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது கையெழுத்துக்காக அவரைத் தேடிப் போனதற்குக் காரணம் நல்ல எண்ணம் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கணக்கே இல்லை என்று அந்தம்மா வெளியே சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். அதற்காகத்தான் போனேன்.

காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கிற கம்பெனி வாசலில் பிடித்தேன். ரப்பர் செருப்போடு வெளியே வந்தார்.

"பழைய பேங்க் சரியில்லம்மா, மாத்திக்கினு கீறேன். இங்க ஒரு கையெழுத்து வோணுமாம்" என்றேன்.

"அதுக்கின்னா மொதலாளி, வரேன்" என்றார். வேறு ஒரு கேள்வி இல்லை. மறுநாள் அரை நாள் லீவு போட்டு வந்துவிட்டார்.

கவுன்டர் பிள்ளை ஃபாரத்தை அவரே நிரப்பினார். நான் பயந்த காகிதம் பத்து நிமிசத்தில் முடிந்துவிட்டது. அந்தம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "இவர எத்தினி வருசமாத் தெரியும்?"

"பதிமூணு பதினாலு வருசம் இருக்கும் சார். எங்க வூட்டுக்காரரு இவரு வண்டிதான் ஓட்டுனாரு."

"ஆள் எப்டி? நம்பலாமா?" சிரித்துக்கொண்டு விளையாட்டாகத்தான் கேட்டார்.

"நம்பலாம் சார்."

பிறகு அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பினார். "வேற எந்த பேங்க்லயாச்சும் கணக்கு இருக்கா?"

நான் காதில் விழாத மாதிரி நின்றேன். "சார், உங்களத்தான். இருந்தா எழுதணும். இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"முன்னாடி எப்பயாச்சும் இருந்துச்சா?"

"இல்ல சார். இதான் மொத கணக்கு."

அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை. பேனாவை வாங்கித் தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். விரல் நுனியெல்லாம் ஐஸ் தண்ணியில் ஊறி வெளுத்து வெடித்திருந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றேன். வேண்டாம், பஸ் வரும் என்றார். ஸ்டாப்பில் நின்றபோது மெதுவாகத்தான் பேசினார்.

"அன்னிக்கே இல்லன்னு சொல்லிருக்கலாமே மொதலாளி. அப்பறமா கையெழுத்து போட்ட மீன்கார அக்காவ அப்பவே கேட்டுருப்பேன். எங்க வூட்டுக்காரரு இன்னாவோ தப்பு பண்ணிட்டாரு, அதான் உங்களுக்குக் கோவம்னு நெனச்சிக்கினு, மன்னிப்பு கேக்கலாம்னு வந்து வந்து நின்னேன். டீசல் கீசல் எடுத்து வித்துட்டாரோன்னு கூட நெனச்சேன். செத்த மனுசன."

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"உங்க டிரைவருங்களும் அப்டித்தான் பேசிக்கினாங்க. பன்னெண்டு வருசம் ஓட்டுனவனுக்கே ஓனரு கையெழுத்து போடலன்னா சும்மாவா, எதனா திருடிருப்பான்னு. எம் புள்ள காதுலயும் வுழுந்துச்சு. நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வோணாம்."

சொல்கிறேன் என்றேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

கணக்கு நம்பரைக் கம்பெனியில் கொடுத்தேன், லோடு நிற்கவில்லை. அன்று சாயங்காலமே ஷெட்டில் டிரைவர்களையும் கிளீனர்களையும் கூப்பிட்டேன். செத்துப்போன டிரைவர் சுத்தமான ஆள், ஒரு சொட்டு டீசல் தொட்டதில்லை, இனிமேல் எவனாவது பேசினால் நடக்கிறதே வேறு என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். இருக்கிறதில் வயசான டிரைவர், என்னோடு மூட்டை தூக்கினவர், டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்பறம் ஏன் நைனா அந்தப் பொண்ணுக்குக் கையெழுத்து போடல?"

எட்டு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப பேங்க் மாத்திக்கினு இருந்தேன்டா" என்றேன்.

அவர் கிளாஸைத் திரும்ப எடுத்தார். "செரி" என்றார். நம்பவில்லை. செத்தவனை ஓனர் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. என் பேர் இன்னும் ஒரு படி ஏறியது. செத்தவர் பேரில் கறை அப்படியே நின்றது.

அந்தம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நம்ப ஆள் இல்லை என்று நான் போட்ட கணக்கு சரியா தப்பா என்று பார்க்க அவர் எனக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. சில வருசம் கழித்து மாத்தூர் பக்கம் வீடு மாறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை.

அந்த எட்டு பேரில் இப்போது மூணு பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு என் அளவுக்குக்கூடப் படிப்பு இல்லை, இதைப் படிக்க மாட்டார்கள். வாய்விட்டுத்தான் சொல்லவேண்டும். ஒருத்தர் என் தெருவிலேயே இருக்கிறார், காலையில் பால் வாங்கும்போது தினம் பார்க்கிறேன். இன்று காலையும் மழையைப் பற்றித்தான் பேசினோம்.