படகோட்டியின் நெஞ்சுக்கு டோகோன் கத்தி

ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு. பமாக்கோ நகர ஆஸ்பத்திரி வார்டில் பக்காய் கரபென்தாவுக்கு நடைதான் ஓய்வு. நடுவில் நின்று, எச்சில் தொட்ட விரலைக் காற்றில் நீட்டுவார். காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. அறுபதைத் தாண்டியவர். நைஜர் ஆற்றில் மோப்திவரை சரக்குப் படகு விடும் போஸோ இனத்தவர்.

இதயத்துக்கு ரத்தம் ஊட்டும் குழாய் ஒன்று அவருக்குப் பிறவியிலேயே இடம் மாறி, நுரையீரலுக்குப் போகும் குழாயில் முளைத்துவிட்டது. இப்படிப் பிறந்த குழந்தைகள் பெரும்பாலும் பால்குடியிலேயே போய்விடும். இவரோ கிழவராகும்வரை துடுப்புப் போட்டிருக்கிறார். இன்னொரு குழாய் கிளைவிட்டு அந்தப் பக்கத்துக்கும் ரத்தம் கொடுத்திருக்கிறது.

“பக்கத்து வாய்க்கால்லேர்ந்து திருட்டுத் தண்ணி பாய்ச்சியிருக்கு. கெட்டிக்கார நெஞ்சு!” என்று மார்தட்டுவார். உடனே மூச்சு வாங்கும். அறுக்காவிட்டால் அடுத்த வெள்ளம்வரை தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அறுக்கப் போகிறவர் டாக்டர் டோலோ, மலையில் வெங்காயம் பயிரிடும் டோகோன் இனத்தவர். அங்கேதான் இடித்தது. போஸோவும் டோகோனும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசலாம், யாரும் கோபிக்கக் கூடாது. ஆனால் ஒருவர் ரத்தத்தை மற்றவர் சிந்தவே கூடாது. முப்பாட்டன் காலத்துச் சத்தியம். இந்த அறுவைக்கு வேறு டாக்டரும் இல்லை.

“ஏங்க, சத்தியம் பெருசா, உசுரு பெருசா?” என்றாள் மனைவி நானா.

“சத்தியத்த மீறினா உசுரு எங்கடி நிக்கும்?”

மறுபடியும் ஜன்னல். ஆற்றுச் சுழலுக்கு அஞ்சாத மனிதருக்கு இதில் உண்மையிலேயே பயம்.

டோலோ உள்ளே வந்தார். “யோவ் மீன்நாத்தம், இன்னும் ஓடிப்போகலையா?”

“வந்துட்டியா, வெங்காயந்தின்னி!” ஏச்சு வந்தது, சிரிப்பு வரவில்லை. “நீ என்னத் தொடாதே டோலோ. ரெண்டு குலமும் அழிஞ்சுபோகும்.”

டோலோ கட்டிலில் உட்கார்ந்தார். “பஞ்சத்துல எங்க முப்பாட்டன் புள்ள பசியில சாகக் கெடந்துச்சே. உங்க முப்பாட்டன் என்ன பண்ணான்?”

“வலையில மீனு விழல. தன் தொடைக்கறிய அறுத்து ஊட்டினான்.”

“அதுலதான சத்தியமே வந்துச்சு?”

“ஆமா.”

“நானும் உன் தொடையிலேர்ந்துதான் ஒரு குழாய் எடுத்து, உன் நெஞ்சுல வச்சுத் தைக்கப் போறேன். பசிச்சுக் கெடக்கிற உன் நெஞ்சுக்கு அது சோறு ஊட்டும். வாங்கினதத் திருப்பித் தரேன்யா. இதுவா ரத்தம் சிந்துறது?”

பக்காய் நானாவைப் பார்த்தார். அவள் தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, நீள அங்கியைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு, காலைத் தூக்கி டோலோவின் மடியில் போட்டார்.