பூட்டைப் பிடிச்ச கை

இல்லைங்க, குடிக்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. கை நடுங்குதே, அது வேற விஷயம். டீ கிளாஸை வாங்கும்போதே தளும்பிச் சட்டையில கொட்டிக்கிறாரு, பாக்கறவங்க என்னென்னமோ நினைச்சுக்குவாங்க, அதான் முதல்லயே சொல்லிடறது. மாப்பிள்ளை தங்கமான மனுஷன். கூரை மேல சோலார் தகடு மாட்டறது தொழில். ஓட்டு வீடோ, மாடி வீடோ, குடோனோ, எதுவா இருந்தாலும் மேல ஏறிச் சட்டம் அடிச்சு, தகட்டைப் பூட்டி, ஒயரைக் கீழ இழுத்துப் பெட்டியில சேர்த்து, விளக்கு எரியறதைக் கண்ணால பாத்துட்டுத்தான் வண்டியில ஏறுவாரு.

கூட வேலை செய்யறது பொண்டாட்டியோட அண்ணன். ஒரே வண்டி, ஒரே ஏணி, ஒரே டிபன் கேரியர். வேலைக்கு நடுவுல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணி ஓட்டலைன்னா தகடு மாட்ட வராது அவங்களுக்கு. மாப்பிள்ளைக்குப் பல்லின்னு பேர் வெச்சதே இந்த மச்சான்தான். "இவரை எந்தக் கூரை மேல தூக்கி எறிஞ்சாலும் ஒட்டிக்குவாரு"ன்னு கல்யாண வீட்டுலயே எல்லார் முன்னாடியும் சொன்னாரு. அது நிலைச்சுப் போச்சு.

பேருக்கு ஏத்த ஆளுதான். பூனையே நின்னு யோசிக்கிற சரிவுல இவரு பாட்டுக்கு நடந்து போவாரு. கூரை உச்சியில ரெண்டு பக்கமும் காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு போன்ல பொண்டாட்டிகிட்ட என்ன கொழம்புன்னு கேப்பாரு. தகட்டுக்குச் சுவிட்ச் கிடையாதுங்க, வெளிச்சம் பட்டாப் போதும், ஒயர் முனையில கரண்ட் வந்து காத்துக்கிட்டு நிக்கும். அதைத் தொட்டுக் கோக்கறப்பகூட வாயில ஏதாவது ஒரு பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும்.

அப்புறம் கொழந்தை பொறந்துச்சு. பொம்பளப் புள்ள. அது தூக்கத்துல உதட்டைச் சுழிக்கிறதைப் பத்தி மட்டும் பொழுது விடிஞ்சு பொழுது சாயிற வரைக்கும் பேசலாம், ஆனா அது இப்போ வேணாம், கதை வேற பக்கம் போயிரும்.

ஆஸ்பத்திரியில நர்ஸம்மா கொழந்தையைக் கையில குடுத்ததும் மாப்பிள்ளை மூச்சே விடலை. ஆணி அடிச்ச மாதிரி நின்னாரு. "யாராச்சும் வாங்கிக்குங்க, எனக்குப் பிடிக்கத் தெரியல"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. ஆனா அந்த பயம் ஆஸ்பத்திரியோட நிக்கலை.

லீவு முடிஞ்சு முதல் வேலை ஒரு ஓட்டு வீடு. ஏணியில பாதி ஏறினதும் கீழ பாத்தாரு. சிமென்ட் தரை, ஒரு குழாய், குழாய்க்குக் கீழ ஒரு பச்சை வாளி. அவ்வளவுதான். ஆனா அதுவரைக்கும் கீழ என்ன இருக்குன்னு அவரு பாத்ததே இல்லை. அன்னைக்குப் பாத்துட்டாரு. கெண்டைக்கால் தானா ஆட ஆரம்பிச்சுச்சு, தையல் மெஷின் மாதிரி. மேல போய் வேலையை முடிச்சாரு, எப்படி முடிச்சாருன்னு அவருக்கே தெரியல.

அப்போவே மச்சான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை. பல்லின்னு பேர் வாங்கின ஆளு, கூரையைப் பாத்தா பயமா இருக்குன்னு எந்த வாயால சொல்லுவாரு?

அதுக்குப் பதிலா சாக்குச் சொல்ல ஆரம்பிச்சாரு. "அந்த வீட்டு ஓடு பழசு மச்சான், தாங்காது." "இங்க மரத்து நிழல் விழுது." "அந்தச் சரிவு வடக்கு பாத்து இருக்கு, வெயில் பத்தாது, பிரயோஜனம் இல்லை." மொட்டை மாடி வேலைன்னா மட்டும் முகம் தெளியும். மொட்டை மாடியில சட்டத்தைத் தரையில வெச்சு, காத்துக்குப் பறக்காம இருக்க சிமென்ட் கட்டையைத் தூக்கிப் பாரம் வெப்பாங்க. முதுகு ஒடியும், ஆனா காலுக்குக் கீழ தரை இருக்கும்.

"என்ன மாப்பிள்ளை, பல்லி தரையிறங்கிருச்சு?"ன்னு மச்சான் கேட்டாரு.

"முட்டி வலி மச்சான்."

"இந்த வயசுல முட்டி வலியா? கொழந்தைக்கு வாங்கின தைலத்தை நீங்களும் கொஞ்சம் தேச்சுக்குங்க."

தப்பிக்க முடியாத சரிவுன்னா ஏறித்தான் ஆகணும். அப்போதான் அந்தக் கெட்ட பழக்கம் வந்துச்சு. அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லணும்.

சரிவுல ஏறும்போது இடுப்புல பெல்ட்டுக் கட்டுவாங்க. உச்சியில இருந்து ஒரு கயிறு தொங்கும். பெல்ட்டையும் கயித்தையும் சேர்க்கறது உள்ளங்கை அளவு ஒரு இரும்புப் பூட்டு. மெதுவா ஏறி இறங்கினா அது பாட்டுக்குக் கயித்துல வழுக்கிக்கிட்டுக் கூடவே வரும். வெடுக்குன்னு இழுபட்டா பல்லை வெச்சுக் கடிச்ச மாதிரி கயித்தைப் பிடிச்சுக்கும். உசிர் அதுலதான் இருக்கு. ஆனா அதுல ஒரு விபரீதம். பூட்டைக் கையால இறுக்கிப் பிடிச்சிருந்தா அது கடிக்காது. கையோடவே வழுக்கிக்கிட்டு வரும். விழறவன் கையை விட்டாத்தான் அது பிடிக்கும். வேலை பழகின முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கற பாடம்: பூட்டைத் தொடாதே.

மாப்பிள்ளைக்கு அந்தப் பாடம் மனப்பாடம். ஆனா பயம் வந்ததுல இருந்து அவரு இடது கை தானா போய்ப் பூட்டைப் பிடிச்சுக்கும். எடுப்பாரு. கொஞ்ச நேரத்துல மறுபடியும் அங்கதான் இருக்கும். பிடிச்சிருந்தாத்தான் நெஞ்சு அடங்குச்சு. கேடு எதுவோ அதுலதான் ஆறுதல்.

முந்தாநேத்து ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா வீடு. பாதி மொட்டை மாடி, பாதி ஓட்டுச் சரிவு. "மாடி வேலை மட்டும்தான்"னு சொல்லித்தான் மச்சான் கூட்டிட்டுப் போனாரு. காலையில மாடியில சட்டத்தை வெச்சுக் கட்டையெல்லாம் ஏத்தியாச்சு. வெயில் நகர்ந்தப்போ பாத்தா, தண்ணித் தொட்டியோட நிழல் கடைசி வரிசை மேல வந்து விழுது. தகட்டுல ஒரு ஓரம் நிழல் பட்டாலும் மொத்த வரிசையும் சோர்ந்து கரண்ட் குறைஞ்சிரும். அந்த வரிசையைத் தூக்கி ஓட்டு மேலதான் போடணும்.

"நாளைக்குப் பாக்கலாமே மச்சான்."

"நாளைக்கு வேற வீடு. ஏறுங்க மாப்பிள்ளை, ஒரு மணி நேர வேலை."

டீச்சரம்மா கீழ நிழல்ல நாற்காலி போட்டு உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. "ஏன் தம்பி, ஓட்டு மேல ஏற பயமா?"ன்னாங்க. சும்மா கேட்டதுதான்.

"எனக்கா?"ன்னு சிரிச்சுட்டு மாப்பிள்ளை ஏணியில கால் வெச்சாரு. அந்தச் சிரிப்பு உதட்டோட நின்னுச்சு. பெல்ட்டுக்குள்ள சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டியிருந்துச்சு.

மச்சான் உச்சியில. மாப்பிள்ளை நடுச் சரிவுல. ஓட்டைத் தூக்கி, அதுக்குக் கீழ இருக்கற கூரை மரத்துல தகட்டைத் தாங்கற கொக்கியைத் திருகி, ஓட்டைத் திரும்ப மூடி, அடுத்த கொக்கிக்கு நகரணும். வலது கையில டிரில்லு. இடது கை எங்கன்னு கேக்கவே வேணாம்.

ஓட்டு மேல நடக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. ஓடு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கற இடத்துலதான் மிதிக்கணும், அங்கதான் தாங்கும். கால் நடுங்கறவனுக்கு அந்த இடம் எங்க தெரியும்? நடு ஓட்டுல மிதிச்சாரு. டப்புன்னு ஒரு சத்தம். ஓடு ரெண்டாப் பொளந்து, அந்தத் துண்டு மேலேயே கால் சறுக்குச்சு.

டிரில்லு முதல்ல போச்சு. கடகடன்னு உருண்டு கீழ விழுந்து உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு. அடுத்தது தானும் அப்படித்தான்னு அவருக்குத் தெரிஞ்சுச்சு. வயிறு ஓட்டுல உரச, சரசரன்னு இறங்கறாரு. கயிறு பக்கத்துலயே ஓடுது. பூட்டு கையிலயே இருக்கு. எவ்வளவு வேகமா இறங்கறாரோ அவ்வளவு இறுக்கமா அதைப் பிடிக்கிறாரு.

"கையை விடு! பல்லி, கையை விடுடா!"

மச்சான் கத்தறது காதுல விழுந்துச்சு. புரிஞ்சுச்சு. விட்டாப் பிழைச்சுக்கலாம்னு தலைக்குத் தெரியுது. விரல் கேக்க மாட்டேங்குது. விழறவன்கிட்ட பிடிச்சதை விடுன்னா எந்த விரல் கேக்கும்? அந்த நேரத்துல கொழந்தை ஞாபகம் வந்துச்சான்னா, அதுவும் இல்லை. அந்தப் பச்சை வாளிதான் கண்ணுக்குள்ள நின்னுச்சாம். அது வேற வீட்டு வாளி.

அவரா விடலை. அதுதான் உண்மை. கொஞ்சம் முன்னாடி அவரே திருகி வெச்ச கொக்கி ஒண்ணு இடது முழங்கையில மடார்னு இடிச்சுச்சு. கை மரத்துப் போய் விரல் பிரிஞ்சுச்சு. அந்த நொடியே பூட்டு கயித்தைக் கடிச்சுச்சு. இடுப்புல யாரோ கட்டையால அடிச்ச மாதிரி ஒரு இழுப்பு. நின்னுட்டாரு. முட்டிக்குக் கீழ கூரை இல்லை. ரெண்டு காலும் வெறும் காத்துல.

கீழ டீச்சரம்மா வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறாங்க. மாப்பிள்ளை தலையைத் தூக்காமலேயே கூப்பிட்டாரு.

"மச்சான்... இருக்கீங்களா?"

"இருக்கேன்." மச்சான் குரல் வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. "அசையாதீங்க. கையைப் பூட்டுகிட்ட கொண்டு போகாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கொண்டு போகாம இருக்க முடியல மச்சான். அதுவா போகுது."

"அப்போ அந்தக் கைக்கு வேற வேலை குடுங்க. அந்தக் கொக்கியைப் பிடிங்க. கெட்டியாப் பிடிங்க, அது நீங்களே திருகினது, பிடுங்கிக்கிட்டு வராது."

ஓட்டுல கன்னத்தை வெச்சுக்கிட்டு, கொக்கியைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு முட்டியா மேல இழுத்தாரு. மச்சான் உச்சியில படுத்துக்கிட்டுக் கையை நீட்டினாரு. கை சேர்ந்ததும் ரெண்டு பேரும் அப்படியே கிடந்தாங்க, வெயில்ல காயப் போட்ட துணி மாதிரி.

"ரொம்ப நாளாவே பயமா இருக்கு மச்சான். கொழந்தை பொறந்ததுல இருந்து."

"முட்டி வலின்னீங்களே?"

"முட்டி நல்லாத்தான் இருக்கு."

மச்சான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. "வாயைத் திறந்து சொல்லித் தொலைஞ்சிருக்கலாம்ல? உங்க கை எங்க இருக்குன்னு நான் பாத்திருப்பேனே. ஏறாதீங்கன்னு சொல்லியிருப்பேனே." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் என்னன்னு போய் என் தங்கச்சி முன்னாடி நின்னிருப்பேன்?"

மாப்பிள்ளை சமாளிக்கறதுக்காக, "என்னை டா போட்டுட்டீங்க"ன்னாரு.

"திரும்ப ஒரு தடவை இப்படி மறைச்சா அடியே போடுவேன்."

வேலை அப்படியே நின்னுச்சு. உடைஞ்ச ஓட்டை மட்டும் மச்சான் மாத்தினாரு, மழை வந்தா டீச்சரம்மா வீடு ஒழுகுமேன்னு. மீதியை ஒரு நாள் விட்டு வந்து முடிச்சுத் தரோம்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தாங்க.

வீட்டுல நுழையும்போதே பொண்டாட்டி முழங்கையைப் பாத்துட்டா. "என்னங்க இது?"

"ஏணி உரசிருச்சு."

"ஏணி உரசினா எங்க அண்ணன் ஏன் வாசலோட ஓடிப் போச்சு? எப்பவும் கொழந்தையைக் கொஞ்சாம போகாதே?"

கொழந்தை அவ தோள்ல தூங்கிக்கிட்டு இருந்துச்சு. மாப்பிள்ளை கட்டில் ஓரத்துல உக்காந்து எல்லாத்தையும் சொன்னாரு. பச்சை வாளி, சாக்கு, பூட்டு, காத்துல தொங்கின கால். சொல்லச் சொல்ல அவ முகம் வெளுத்துக்கிட்டே போச்சு. அழுவான்னு பாத்தாரு. அழலை. கொழந்தையைத் தொட்டில்ல போட்டுட்டு, பஞ்சும் மருந்தும் எடுத்துட்டு வந்து கீழ உக்காந்தா. மருந்தைத் தடவிக்கிட்டே கேட்டா.

"பயமா இருக்குன்னு சொன்னா வாய் வலிச்சுருமா உங்களுக்கு?"

"நீங்கல்லாம் என்ன நினைப்பீங்களோன்னு..."

"நீங்க வண்டி எடுக்கற சத்தம் கேட்டதுல இருந்து திரும்பி வர சத்தம் கேக்கற வரைக்கும் நான் என்ன நினைக்கறேன்னு என்னிக்காச்சும் கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. அன்னைக்குத்தான் கேட்டாரு. அவ சொன்னா. அதெல்லாம் அவங்க ரெண்டு பேருக்குள்ள.

வேலையை விட்டுடுங்கன்னு அவ சொல்லலை. சொன்னா விட்டுருப்பாரோ என்னமோ. பயம் ஒண்ணும் போகலைங்க. நேத்து முழுக்கக் கூரையைப் பத்திப் பேச்சு வந்தாலே எழுந்து போய்த் தண்ணி குடிச்சாரு. டீ கிளாஸ் தளும்பறதும் நிக்கலை.

இன்னைக்கு டீச்சரம்மா வீட்டு மிச்ச வேலை. வாசல்ல மச்சான் வண்டியில ஏணியைக் கட்டிட்டு ஹாரன் அடிச்சாரு. பொண்டாட்டி கொழந்தையோட கதவுகிட்ட நின்னா. எதிர் வீட்டுக்காரரு வேற தண்ணி பிடிச்சுக்கிட்டு நின்னாரு. மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வெளிய வந்து, யாரு இருக்காங்க, யாரு கேக்கறாங்கன்னு பாக்காம, தெருவே கேக்கற மாதிரி சொன்னாரு:

"மச்சான், இன்னைக்கு எனக்கு ரொம்ப பயமா இருக்கு. ஓட்டு மேல நீங்க ஏறுங்க, நான் கீழ ஏணியைப் பிடிச்சுக்கறேன். நாளைக்கு எப்படி இருக்குன்னு நாளைக்குக் கேளுங்க, மறைக்காம சொல்றேன்."