பெட்டிகளைத் தட்டிக்கொடுத்தவர்

சேந்தமங்கலத்தில் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த லாரி நின்றது. மதுக் கம்பெனிகளின் சரக்கைக் கிடங்கிலிருந்து மலைமேல் இருக்கும் செம்மேட்டுக் கடைக்கு ஏற்றிப்போகும் வண்டி அது.

"பின்னால ஏறிக்கங்க. பாட்டிலத் தொட்டா எறக்கி உட்ருவேன்" என்றார் டிரைவர்.

பெட்டிகளுக்கு நடுவே சுமைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை. சுமந்து சுமந்து வலது தோள் காய்த்துப்போயிருந்தது. வளைவுகளில் பாட்டில்கள் கலகலக்கும்போதெல்லாம், மிரண்ட மாட்டைத் தட்டுவதுபோலப் பெட்டியைத் தட்டிக்கொடுத்தார்.

"நீங்க குடிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. அந்த வாசமே ஆவாது."

செம்மேட்டில் அவர் பெட்டி இறக்கும்போது, மரவள்ளிக்கிழங்குக் கூடையோடு ஒரு பெண் எதிரே வந்து நின்றாள்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரரு குடிச்சுப்போட்டு பள்ளத்துல உளுந்து காலு போச்சு. இன்னமும் நொண்டிக்கிட்டே இங்கதான் வாராரு. நீங்க இதத் தூக்கித்தான் ஆவணுங்களா?"

"நான் தூக்கலீன்னா இன்னொருத்தன் தூக்குவான் கண்ணு."

"தூக்கட்டுங்க. அது நீங்களா இருக்க வேண்டாமுங்க."

அவர் மீதிப் பெட்டிகளையும் இறக்கி முடித்தார். பிறகு டிரைவரிடம், "நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, லாரியில் ஏறாமல் நடந்தே மலையிறங்கிப் போனார். அவருக்கு வேறு வேலை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இல்லை. அதே லாரியில் நான் கீழே இறங்கினேன்.

மறுநாள் காலை கிடங்கில் அவருடைய வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வளைவில் பாட்டில்கள் கலகலத்தன. என் கை தானாகப் போய்ப் பெட்டியைத் தட்டியது.