படி இல்லாத குளம்

ரிசார்ட்டில் அறை எடுக்கும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்? கட்டிலை? காலைச் சாப்பாட்டை? நான் நீச்சல் குளத்தைப் பார்ப்பேன். குளத்தை என்றால்... குளத்தின் போட்டோவை.

போன மாதம் அப்படித்தான் பத்து பெரிங்கி கடற்கரையில் ஓர் இடத்தைப் பிடித்தேன். குளத்தின் விளிம்பே தெரியாது — தண்ணீர் நேராகப் போய்க் கடலில் கலப்பது மாதிரி இருக்கும். ஓர் இரவுக்கு வாடகை அறுநூறு வெள்ளி. இரண்டு முறை யோசித்துவிட்டுத்தான் கட்டினேன். ஆனால் அது எனக்காக இல்லை. என் பரமு அக்காவுக்காக.

அக்கா சுங்கை பாக்காப்பில் இருக்கிறார். புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் வருஷக்கணக்காக நின்றபடியே வேலை பார்த்தவர். இப்போதுதான் ஓய்வு பெற்றார். முழங்கால்கள் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. தண்ணீருக்குள் நடந்தால் வலி குறையும் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். எங்கே போய் நடப்பார்?

"நான் கூட்டிட்டுப் போறேங்கா. நல்ல குளமா பாத்து வைக்கிறேன்" என்றேன் போனில்.

அக்கா பசார் மாலாம் இரவுச் சந்தையில் முழுக்கை நீச்சல் உடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கறுப்பு நிறம், ஓரத்தில் ரோஸ் கோடு. அறைக்குள் நுழைந்ததும் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். "சிரிக்காத விஜி. மீன் மாதிரி இருக்கேன்ல?" என்று அவரே சிரித்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

குளத்துக்குப் போனோம். போட்டோ பொய் சொல்லவில்லை. அப்படியே இருந்தது. அக்கா ஓரமாக ஒரு சுற்று நடந்து வந்தார்.

"படி எங்க இருக்கு?"

படி இல்லை. சுவரோடு செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி... அவ்வளவுதான்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "மெதுவா எறங்குக்கா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றேன். அக்கா திரும்பி நின்று ஒரு காலை வைத்தார். இன்னொரு காலை வைத்தார். அதோடு முழங்கால் பிடித்துக்கொண்டது.

"விஜி... கால் நகரல. மேலயும் வர முடியல."

நான் ஒரு கையைப் பிடித்தேன். குளத்துக் காவலர் ஓடிவந்து இன்னொரு கையைப் பிடித்தார். ஜுரு ஊர்ப் பக்கத்துத் தமிழர், பதமாகத்தான் தூக்கினார். ஆனாலும் சுற்றி நாற்காலிகளில் படுத்திருந்த எல்லோரும் எழுந்து பார்த்துவிட்டார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. துண்டை எடுத்து முழங்காலை மூடிக்கொண்டார்.

"அக்கா, அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைங்க குளம் இருக்கு. அங்க எறங்கறது ஈசி லா" என்றார் காவலர்.

"பரவால்ல தம்பி. கடல் காத்து நல்லா இருக்கு, இங்கேயே உக்காந்துக்கிறேன்." பிறகு என்னிடம், "நீ போய்க் குளி. வெள்ளி கட்டியாச்சுல்ல?"

போனேன். போகாவிட்டால் அவர் இன்னும் வருத்தப்படுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

அந்தப் புகழ்பெற்ற விளிம்பில் கையை ஊன்றிக் கீழே எட்டிப் பார்த்தால், பக்கத்து ஹோட்டலின் குளம். பழைய கட்டடம், மங்கிய டைல்ஸ். குளத்தின் ஒரு பக்கம் முழுக்க அகலமான படிகள், நடுவில் கைப்பிடி. ஒரு சீனப் பெண்மணி, அக்கா வயதுதான் இருக்கும், இடுப்பளவு தண்ணீரில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார்.

அந்த ஹோட்டலும் நான் போனில் தேடியபோது வந்திருந்தது. பாதி விலை. பார்க்கச் சுமாராக இருக்கிறதே என்று விரலால் தள்ளிவிட்டேன்.

ஈரத்தோடு அந்த ஹோட்டலுக்கு ஓடினேன். காசு தருகிறேன், ஒரு மணி நேரம் விடுங்கள் என்று அவர்களிடம் கெஞ்சினேன். தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். அறையாவது இருக்கிறதா? எல்லாம் நிரம்பிவிட்டது.

திரும்பும்போது காரில் சொன்னேன்: "அடுத்த மாசம் அங்க ரூம் போடறேங்கா."

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம், "வேணாம்டி. நாலு பேர் பாக்க அப்படித் தொங்கினதே போதும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு இரண்டு முறை கேட்டுவிட்டேன். உடுப்பைத் தம்பி மகளுக்குக் கொடுத்துவிட்டாராம்.

போட்டோவில் தண்ணீர் தெரிகிறது. அதில் எப்படி இறங்குவது என்பது தெரிவதில்லை. ஒரு போன் போட்டு, "படி இருக்கா?" என்று கேட்டிருக்கலாம். காசு செலவில்லாத கேள்வி. ஏன் கேட்கவில்லை? அக்காவுக்கு ஒசத்தியானதைக் காட்ட வேண்டும் என்ற நினைப்பில், அக்காவின் காலை மறந்துபோனேன்.

போன வாரம் ஒரு போன். அக்காவோடு ஃபேக்டரியில் வேலை பார்த்த பாத்திமா அக்கா.

"விஜியாம்மா? பரமு சொன்னா. தண்ணியில நல்லா நடந்தாளாமே! கால் பஞ்சு மாதிரி ஆயிடுச்சாம். தங்கச்சின்னா உன்ன மாதிரி இருக்கணும்மா..."

அக்கா யாரிடமும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

"எனக்கும் முட்டி வலிம்மா. மகன் கூட்டிட்டுப் போறேங்கறான். அந்த ஹோட்டல் பேரு என்ன, சொல்லேன்?"

பக்கத்து ஹோட்டலின் பேரைச் சொன்னேன்.